தாய்மையும் சத்து மாத்திரையும்



திருவல்லிக்கேணியிலே, கடற்கரைக்கு அணித்தாக, இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்று பெயர் தாங்கி நிற்பதும், முதியோர் நாவில் இன்னும் கோஷா ஆஸ்பத்திரி என்றே வழங்குவதுமான அந்தப் பழைய மகப்பேற்று நிலையத்தை உங்களிற் பலர் அறிவீர்கள்; சிலர் அங்கேயே பிறந்தவர்களாகவும் இருக்கலாம். திரைக்குள் வாழ்ந்த பெண்டிர் ஆடவர் கண்படாமல் சிகிச்சை பெறும் பொருட்டு 1885-ஆம் ஆண்டில் தோன்றிய அந்த ஸ்தாபனத்திலே, 1931-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மாது ஒருவர் கர்ப்பிணிகளின் இரத்தசோகையைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். இன்று நம் கிராமங்களில் கருவுற்ற பெண்ணின் கையிலே சுகாதார செவிலியர் வைக்கும் சிவப்பு மாத்திரையில், இரும்போடு சேர்ந்திருக்கும் மற்றொரு பொருளாகிய ஃபோலிக் அமிலத்தின் சரித்திரம், பம்பாயிலும் குன்னூரிலும் சென்னையிலும் அம்மாது செய்த ஆராய்ச்சியிலிருந்தே தொடங்குகின்றது. கர்ப்ப காலத்தில் உட்கொள்ள வேண்டிய வைட்டமின்களையும் தாது உப்புக்களையும் பற்றிப் பேச வந்த நான் அச்சரித்திரத்தை முதற்கண் சொல்லப் புகுவதற்குக் காரணம், அந்த மாத்திரையை அயல்நாட்டுச் சரக்கு என்றோ, சர்க்கார் இனாமாகத் தருவதால் மதிப்பற்றது என்றோ எண்ணி அலமாரி மூலையில் போட்டுவிடும் வழக்கம் நம்மிடையே இன்னும் இருப்பதுதான். நம் நாட்டு ஏழைத் தாய்மாரின் துன்பத்திலிருந்து பிறந்த மருந்து அது என்பதை அறிந்த பிறகு, அதை அவ்வாறு ஒதுக்க எவருக்கும் மனம் துணியாது என்று நம்புகிறேன்.

லூசி வில்ஸ் 1888-இல் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் தாவர சாஸ்திரமும் பூகர்ப்ப சாஸ்திரமும் கற்று, அதன் பின்னரே மருத்துவத்தில் இறங்கி, 1920-இல் மருத்துவராகத் தேர்ந்தவர். நம் நாட்டுத் தாய்மாரின் மரணங்களுக்குக் காரணம் தேடும் விசாரணை ஒன்றிலே பங்குகொள்ளும் பொருட்டு 1928-இல் பம்பாய்க்கு வந்து, ஹாஃப்கின் நிலையத்தில் அமர்ந்து வேலை செய்யலானார். நெசவாலைகள் சூழ்ந்த அந்நகரத்தின் ஏழைப் பெண்களிடையே, கர்ப்பத்தின் பின்மாதங்களிலே, கொடியதொரு இரத்தசோகை தோன்றிக்கொண்டிருந்தது. சிவப்பணுக்கள் தொகையிலே மிகக் குறைந்தும், உருவத்திலே இயல்புக்கு மீறிப் பருத்தும் காணப்பட்ட அந்நோய், சாதாரணச் சோகைக்கு ஈயப்படும் இரும்பினால் தணியவில்லை. அதற்கு ஆளான தாய்மாரிற் பலர் பிள்ளையின் முகத்தைக் கண்டும் காணாமலும் மாண்டனர். நோய்க்கு ஏதேனும் கிருமி காரணமாகுமோ என்று வில்ஸ் தேடிப் பார்த்தார். கிருமி எதுவும் அகப்படவில்லை. அதன் பின்பு, நோயுற்ற பெண்கள் எந்த வகுப்பினர், எந்தத் தெருவினர், அவர்கள் வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்று விசாரிக்கத் தொடங்கினார். ஏழை முஸ்லிம் குடும்பங்களிலே, வெளிக்காற்றும் வெயிலும் அரிதாகவே படும் அறைகளிலே, கனியும் காயும் கீரையும் மிக அருகிய ஆகாரத்தை உண்டு வாழ்ந்த பெண்களிடையேதான் அந்நோய் மிகுந்திருந்தது என்பது வெளிப்பட்டது.

அந்த ஆகாரத்தையே ஆய்வுக்கூடத்து எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். எலிகள் சோகை கொண்டன. ஆனால் எலிகளின் உடலில் பேன்களால் பரவும் வேறொரு தொற்றும் கலந்து முடிவுகளைக் குழப்பிவிட்டதால், குரங்குகளைக் கொண்டு சோதனையைத் தொடர்ந்தார். பலவகைச் சத்துக்களைத் தந்தும் தேறாத ஒரு குரங்கு, பீர் ஆலைகளில் மிஞ்சும் ஈஸ்ட்டிலிருந்து காய்ச்சி எடுக்கப்படுவதும், இலங்கைத் தமிழர் வீடுகளில் இன்றும் பழக்கமானதுமான மார்மைட் என்னும் பசையைக் கொடுத்த மாத்திரத்தில் தேறிவிட்டது. அப்பசையைக் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தபோது அவர்களும் தேறினர். 1931-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இதனை அவர் வெளியிட்டார். மலிவானதும், எளிதில் கிட்டுவதும், கரண்டியால் எடுத்து உண்ணத்தக்கதுமான ஒரு பொருளால் சாவின் விளிம்பில் இருந்த தாய்மார் மீண்டெழுந்தனர் என்பது, அக்காலத்து மருத்துவ உலகுக்கு எத்துணை வியப்பை அளித்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஈரலிலிருந்து செய்த கலப்பான சாரம் இந்நோயைத் தீர்த்ததையும், அதே சாரத்தை மேன்மேலும் சுத்தி செய்தபோது அதன் பலன் இந்நோயினிடத்துச் செல்லாமற் போனதையும் பிற்பாடு கண்டறிந்த வில்ஸ், ஈரலில் உள்ளதாக அதுவரை அறியப்பட்ட பொருளினும் வேறான ஒன்று இங்கே வேலை செய்கிறது என்று துணிந்தார். பெயரிடப்படாத அப்பொருளை மருத்துவர்கள் பல ஆண்டுகள் வில்ஸ் காரணி என்றே வழங்கி வந்தனர்.

1941-இல் அமெரிக்காவின் டெக்சஸ் சர்வகலாசாலையைச் சேர்ந்த விஞ்ஞானிகள், டன் கணக்கான பசலைக் கீரையிலிருந்து அப்பொருளை மிகச் சிறு அளவிலே பிரித்தெடுத்து, ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர். 1945-இல் அதைச் செயற்கையாக உண்டாக்கும் வழியைக் கண்டது லெடர்லி ஆய்வுக்கூடம். அந்த ஆய்வுக்கூடத்தின் ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கியவர், பழைய சென்னை மாகாணத்துப் பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற யெல்லாப்பிரகட சுப்பாராவ் என்பது நாம் பெருமையோடு நினைவிற்கொள்ளத் தக்கது. மாணவப் பருவத்தில் கதர் உடுத்தியதன் விளைவாகவே அவருக்கு உயர்ந்த பட்டம் மறுக்கப்பட்டுத் தாழ்ந்த பட்டம் அளிக்கப்பட்டது என்று அவருடைய சரித்திரத்தை எழுதியோர் கூறுவர். அவருடைய சகோதரர் இருவர், குடலைப் பற்றிய ஒரு கழிச்சல் நோயினால் அடுத்தடுத்து இறந்தனர். அவரும் அந்நோயால் வருந்தியவரே. அந்தக் கழிச்சல் நோய்க்கு ஃபோலிக் அமிலம் சிறந்த மருந்தாகும் என்பது பின்னர் நிரூபணமாயிற்று. தம் உடன்பிறந்தாரைக் காத்திருக்கக்கூடிய பொருளைத் தம் கையாலேயே உலகுக்கு உண்டாக்கிக் கொடுத்த அப்பெரியார், 1948-இல், வயது ஐம்பத்துமூன்றில் மறைந்தார்.

இதுவரை நான் கூறியது தாயின் இரத்தத்தைப் பற்றியது. இனி, கருவைப் பற்றிய பகுதிக்கு வருவோம். என் சொற்பொழிவின் ஜீவநாடியும் அதுவே.

கரு உண்டான மூன்றாம் நான்காம் வாரங்களில், பட்டாணியினும் சிறிதான அச்சிசுவின் முதுகுப்புறத்திலே, தட்டையான ஓர் ஏடு போன்ற பகுதி இருபுறமும் மடிந்து எழுந்து, நடுவே ஒன்றோடொன்று பொருந்தி, ஒரு குழலாக மூடிக்கொள்கிறது. அக்குழலின் மேற்பகுதி மூளையாகவும் கீழ்ப்பகுதி முதுகுத்தண்டின் நரம்பாகவும் பிற்பாடு வளர்கின்றன. கருத்தரித்த நாள் தொட்டு ஏறக்குறைய 28 நாட்களுக்குள் அது முற்றிலும் மூடிவிட வேண்டும். மேல்முனை மூடாவிட்டால் மண்டையும் மூளையும் உருவாகாமல் குழந்தை பிறந்து சில மணி நேரங்களில் இறந்துவிடும். கீழே எங்கேனும் மூடாவிட்டால் முதுகெலும்பு பிளந்து, நரம்பு வெளியே பிதுங்கி, கால்கள் செயலற்று, மலஜலத்தின் மீது கட்டுப்பாடு இன்றி, தலையில் நீர் கோத்து, அக்குழந்தை வாழ்நாள் முழுவதும் வருந்த நேரிடும். உயிரணுக்கள் அதிவேகமாகப் பெருகிப் பிரியும் அந்த வாரங்களில், ஒவ்வொரு பிரிவுக்கும் வேண்டிய மரபுப்பொருளை ஆக்குவதற்கு ஃபோலிக் அமிலம் இன்றியமையாதது. அது குறைந்தால் மூடவேண்டிய குழல் மூடாமல் நிற்கக்கூடும்.

இவ்வுண்மை ஒரே நாளில் வெளிப்பட்டதன்று. ஃபோலிக் அமிலத்துக்கு எதிராகச் செயல்படும் மருந்தொன்று கருவிலே உறுப்புக் குறைகளை விளைவித்ததை 1952-ஆம் ஆண்டளவில் மருத்துவர்கள் கண்டனர். இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்தில் ஹிபர்டும் ஸ்மிதெல்ஸும், குறையுடைய சிசுக்களைப் பெற்ற தாய்மாரின் உடலில் இச்சத்து குறைந்திருப்பதை 1965-இல் எடுத்துக்காட்டினர். லூசி வில்ஸ் அதற்கு முந்தின ஆண்டிலேயே இறந்துவிட்டமையால், தாம் தாய்க்கென்று தேடிய பொருள் சிசுவையும் காக்கவல்லது என்று அவர் அறியவேயில்லை. 1980-இல் ஸ்மிதெல்ஸ், கருவுறுமுன்பே வைட்டமின் மாத்திரைகளை உட்கொண்ட தாய்மாரிடம் குழல் மூடாத இக்குறை மிக அருகியே தோன்றியதைக் கூறியபோது, அதை ஐயுற்றவர் பலர். ஐயம் நீக்கியது 1991-இல் முடிவுற்ற பெரும் ஆராய்ச்சி. முன்பு ஒரு முறை இத்தகைய குழந்தையைப் பெற்றிருந்த பெண்களையே ஏழு நாடுகளில் 33 மருத்துவ நிலையங்களிலிருந்து தேர்ந்து, சிலருக்கு ஃபோலிக் அமிலமும் சிலருக்கு அது நீங்கலான மாத்திரைகளும் கொடுத்து வந்தனர். முடிவு தெரிந்த 1195 கர்ப்பங்களில் 27 சிசுக்கள் குறையுடன் அமைந்தன. அவற்றுள் ஃபோலிக் அமிலம் பெற்ற தாய்மாரின் சிசுக்கள் 6 மட்டுமே, மற்ற 21-உம் அதைப் பெறாத தாய்மாருடையவை. நான்கில் மூன்று பங்கு துன்பத்தைத் தடுக்கவல்ல ஒரு பொருளை எவருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பது தர்மமாகாது என்று அந்த ஆராய்ச்சி உரிய காலத்துக்கு முன்பாகவே நிறுத்தப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே ஹங்கேரி நாட்டுச் செய்ஸல் என்பார், முன்னர் இக்குறை நேராத சாதாரணத் தாய்மாருக்கும் இது பயன்படுவதை உறுதி செய்தார்.

இங்கேதான் நான் உங்கள் கவனத்தை வற்புறுத்தி வேண்டுகிறேன். அந்தக் குழல் மூடுவது 28 நாட்களுக்குள். நம் பெண்கள் கருவுற்றதை எப்போது அறிகிறார்கள்? மாதவிலக்கு தள்ளிப்போய், இன்னும் சில நாள் பார்ப்போம் என்று காத்திருந்து, மசக்கை தொடங்கி, மாமியாருக்கோ தாய்க்கோ செய்தி சொல்லி, நல்ல நாள் பார்த்து மருத்துவமனைக்குச் சென்று, பெயரைப் பதிந்து, மாத்திரை கையில் வரும்போது இரண்டு மூன்று மாதங்கள் கடந்துவிடுகின்றன. இரத்தத்துக்கு அம்மாத்திரை அப்பொழுதும் உதவும்; முதுகுத்தண்டுக்கு உதவாது. நாற்று வளர்ந்த பிறகு விதைநேர்த்தி செய்யும் உழவன் ஒருவனும் இல்லை. ஆனால் நம் குடும்பங்களில், படித்தவர்கள் குடும்பங்களிலும்கூட, நாள்தோறும் நடப்பது அதுவே. குழந்தை வேண்டும் என்று கருதும் பெண், கருவுறுவதற்கு ஒரு மாதம் முன்பேனும், கூடுமானால் மூன்று மாதம் முன்பே, நாள்தோறும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலத்தைத் தொடங்கி, கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்கள் முடியும் மட்டும் விடாமல் உட்கொள்ள வேண்டும். ஒரு மைக்ரோகிராம் என்பது கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அத்துணைச் சிறிய பொருளுக்கு அத்துணைப் பெரிய காரியம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. முன்பு இக்குறையுள்ள குழந்தையைப் பெற்றவர்களும், வலிப்பு நோய்க்குச் சில மருந்துகளை உண்பவர்களும் இதைப்போல் பத்து மடங்கோ அதற்குச் சற்று மேலோ, அதாவது 4 அல்லது 5 மில்லிகிராம், மருத்துவர் மேற்பார்வையில் உட்கொள்ள வேண்டியிருக்கும். வலிப்பு மருந்தைத் தாமே நிறுத்திவிடுவது பேராபத்து என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

நம் முன்னோர் மாத்திரையா விழுங்கினார்கள், முருங்கையும் அகத்தியும் பசலையும் இருக்க இது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அக்கேள்வியை நான் இகழேன். கீரையை நேசிக்கும் நாவு நல்ல நாவு. ஆனால் இச்சத்து நீரிலே கரைவது, வெப்பத்திலே கெடுவது. கீரையை நெடுநேரம் கொதிக்கவிட்டு நீரை இறுத்துவிடும்போது அதிற் பெரும்பகுதி அந்நீரோடு போய்விடுகிறது. மிஞ்சியதும் மாத்திரையில் உள்ள வடிவத்தைப்போல் முழுமையாக உடலிற் சேர்வதில்லை. முன்னோர் காலத்தில் எத்தனை சிசுக்கள் பிறந்த அன்றே புதைக்கப்பட்டன, எத்தனை தாய்மார் பிரசவத்தில் இறந்தனர் என்பதை, ஊர்தோறும் நம் பாட்டிமார் அறிவர். கீரையை உண்ணுங்கள், பச்சைப்பயறும் உளுந்தும் உண்ணுங்கள், மாத்திரையையும் உண்ணுங்கள்.

இனி இரும்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். கர்ப்ப காலத்தில் தாயின் சரீரத்திலே இரத்தத்தின் அளவு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகப் பெருகுகிறது. சிவப்பணுக்களும் பெருகுகின்றன, எனினும் அவற்றைச் சுமக்கும் நீர்ப்பகுதி அவற்றினும் மிகுதியாகப் பெருகுவதால், ஹீமோகுளோபின் அளவு ஓரளவு குறைவது இயற்கையே. ஆனால் அது 11 கிராமுக்குக் கீழே இறங்குமாயின் அதை இரத்தசோகை என்றே கொள்ள வேண்டும். 7 கிராமுக்குக் கீழே இறங்குமாயின் அது உயிருக்கு ஆபத்து. ஒரு கர்ப்பம் நிறைவேறுவதற்கு ஏறக்குறைய 1000 மில்லிகிராம் இரும்பு தேவை: சிசுவும் நஞ்சுக்கொடியும் எடுத்துக்கொள்வது 300, தாயின் புதிய சிவப்பணுக்களுக்கு 500, நாள்தோறும் உடலினின்று இயல்பாகக் கழிவது 200. இத்தேவையின் பெரும்பகுதி கர்ப்பத்தின் பிற்பாதியிலேயே குவிகிறது. அரிசியையும் பருப்பையும் காய்கறியையும் முதன்மையாகக் கொண்ட நம் உணவிலே உள்ள இரும்பில் பத்தில் ஒரு பங்குகூட உடலிற் சேர்வது அரிது. மாதந்தோறும் குருதி இழந்து, வளரும் பருவத்திலேயே சேமிப்பின்றி, மணமேடைக்கு வரும் ஒரு பெண் இந்த 1000 மில்லிகிராமை உணவினால் மட்டும் ஈட்டுவது இயலாத காரியம்.

ஆகவேதான் 1970-ஆம் ஆண்டிலேயே நம் சர்க்கார் கர்ப்பிணிகளுக்கு இரும்பும் ஃபோலிக் அமிலமும் வழங்கும் தேசியத் திட்டத்தைத் தொடங்கிற்று. இன்று 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் கொண்ட மாத்திரை, நான்காம் மாதம் தொட்டு 180 நாட்களும், பிரசவத்துக்குப் பின் மீண்டும் 180 நாட்களும் விதிக்கப்படுகிறது. ஆனால் ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டிலே 180 நாட்களேனும் அதை உட்கொண்ட தாய்மார் 26 விழுக்காட்டினரே. கர்ப்பிணிகளில் சோகையுடையோர் 52 விழுக்காட்டினர். தமிழ்நாட்டிலே, பத்துத் தாய்மாரில் எட்டுப் பேர் 100 நாட்களேனும் உட்கொள்கிறார்கள். இருந்தும் கர்ப்பிணிகளில் 48 விழுக்காட்டினர் சோகையோடு இருக்கிறார்கள். இதைக் கண்டு மாத்திரையே பயனற்றது என்று முடிவு கட்டுவோர் உண்டு. அம்முடிவு பிழை என்பது என் உறுதியான கருத்து. கணக்கெடுப்பு, மாத்திரையைத் தொடங்கிய சில வாரங்களே ஆன பெண்ணையும் சேர்த்தே எண்ணுகிறது என்பது ஒன்று. அதனினும் பெரிய உண்மை, நம் பெண்கள் சோகையோடேயே கர்ப்பத்துக்குள் நுழைகிறார்கள் என்பது. பன்னிரண்டு வயதில் தொடங்கிய வறட்சியை ஆறு மாத மாத்திரையால் ஈடுசெய்ய முயல்கிறோம். பள்ளிகளில் வாரம் ஒரு முறை வழங்கப்படும் நீல மாத்திரையை நம் பெண் குழந்தைகள் உண்மையாகவே விழுங்குகிறார்களா என்று ஆசிரியர்களும் பெற்றோர்களும் கவலைப்படுவது, பிற்காலத்து மகப்பேற்று மருத்துவர் செய்யக்கூடிய எதனினும் பெரிய உதவி.

சோகையுற்ற தாய்க்குப் பிரசவ நேரத்திலே நேரும் ஆபத்தை நான் அலங்கரித்துச் சொல்ல விரும்பவில்லை. நஞ்சுக்கொடி வெளிப்பட்ட பின் சற்று மிகுதியான உதிரப்போக்கு நேர்ந்தால், ஹீமோகுளோபின் 12 கிராம் உடைய பெண் அதைத் தாங்கிக்கொள்வாள். 6 கிராம் உடைய பெண், மருத்துவர் இரத்தப் புட்டிக்கு ஆள் அனுப்பும் நேரத்துக்குள்ளேயே நம் கையை விட்டுப் போய்விடக்கூடும். அத்தகைய இரவுகளைப் பிரசவ அறையிலே கண்டவர்கள் எவரும் இந்தச் சிவப்பு மாத்திரையைச் சிறியதென்று எண்ணமாட்டார்கள்.

எனினும் பெண்கள் ஏன் அதை நிறுத்திவிடுகிறார்கள் என்பதைப் பரிவோடு கேட்டறிய வேண்டும். வயிற்றைப் புரட்டுகிறது, மலம் கட்டுகிறது, கருநிறமாகப் போகிறது என்பார்கள். உடலிற் சேராத இரும்பே அக்கருநிறம். அதனால் கெடுதி இல்லை. வெறும் வயிற்றிலே உண்டால் இரும்பு நன்றாகச் சேரும் என்பது மெய்யே; ஆயினும் குமட்டல் பொறுக்காதவர்கள் இரவு உணவுக்குப் பின் உண்டு படுத்துக்கொள்ளலாம். சற்றுக் குறைவாகச் சேர்ந்தாலும் நிறுத்திவிடுவதினும் அது நன்று. காப்பியோடும் தேநீரோடும் பாலோடும் அதை விழுங்கலாகாது. அவற்றுக்கும் மாத்திரைக்கும் இடையே ஓரிரு மணி நேரமேனும் இருத்தல் வேண்டும். எலுமிச்சை, நெல்லி, கொய்யா போன்றவை இரும்பு சேர்வதற்குத் துணைபுரிவன. குழந்தை பெருத்துப் பிரசவம் கடினமாகும் என்றும், குழந்தை கறுத்துவிடும் என்றும் அஞ்சும் மூத்தோர் சில வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். அவ்விரண்டுக்கும் ஆதாரம் ஏதும் இல்லை. குழந்தையின் நிறம் தாய் தந்தையரிடமிருந்து வருவது. கறுத்த குழந்தையால் எவருக்கு என்ன குறை என்பதையும் நாம் நம்மையே கேட்டுக்கொள்ளலாம். சோகை கடுமையாயின் மருத்துவர் இரட்டை மாத்திரையோ, சிரை வழியாக ஏற்றும் இரும்போ விதிப்பார். இரும்பு உண்டும் ஏறாத சோகைக்கு, தலசீமியா என்னும் பரம்பரைக் குறையோ, சைவ உணவினர்க்கு எளிதில் நேரும் பி-12 வைட்டமின் குறையோ, குடற்புழுக்களோ காரணமாக இருக்கக்கூடும். அதை ஆராயாமல் மேலும் மேலும் இரும்பைக் கொடுத்துக்கொண்டிருப்பது மருத்துவமாகாது.

சுண்ணாம்புச் சத்தைப் பற்றிச் சுருங்கச் சொல்வேன். குவாத்தமாலா நாட்டின் மாயர் இனப் பெண்கள் சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்துச் சமைப்பதையும், அவர்களிடையே பேறுகால வலிப்பு அருகியே காணப்படுவதையும் இணைத்துப் பார்த்து, 1980-இல் பெலிசானும் அவருடைய சக ஆராய்ச்சியாளரும், இரத்த அழுத்தம் ஏறிக் கை கால் வீங்கி வலிப்பில் முடியும் அந்நோய்க்கு இச்சத்தின் குறைவு ஒரு காரணமாகலாம் என்று கருதினர். பிற்காலத்து ஆராய்ச்சிகள், உணவிலே இச்சத்து குறைந்த நாடுகளில் அக்கருத்தை வலியுறுத்தின. உலக சுகாதார ஸ்தாபனம் நாளொன்றுக்கு 1500 மில்லிகிராமுக்குக் குறையாமல் விதித்திருக்க, 2024-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று, பெங்களூரிலும் தான்சானியாவிலும் 500 மில்லிகிராமே நோயைத் தடுப்பதில் அதற்கு ஈடாவதைக் காட்டிற்று. ஏழை நாடுகளுக்கு இது பெரும் செய்தி. இம்மாத்திரையை இரும்பு மாத்திரையோடு ஒரே வேளையில் உண்ணலாகாது என்பதை மட்டும் மறவாதீர்கள். நம் கேழ்வரகு, 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் இச்சத்தை உடையது. கூழும் களியும் ஏழையின் உணவு என்று அதைத் தட்டிலிருந்து நீக்கிவிட்ட நகரத்தார், கர்ப்பிணி இருக்கும் வீட்டிலேனும் அதை மீண்டும் அழைத்துக்கொள்ளலாம்.

அயோடினுக்குத் தனி மாத்திரை வேண்டாம்; உப்பே போதும். இமயத்து அடிவாரத்தின் காங்ரா பள்ளத்தாக்கிலே ராமலிங்கஸ்வாமியும் அவருடைய குழுவினரும் 1956 முதல் செய்த ஆராய்ச்சி, அயோடின் கலந்த உப்பு கழுத்துக் கழலையைக் குறைப்பதை நிரூபித்தது. கழலை கண்ணுக்குத் தெரியும் துன்பம். கருவிலே இச்சத்துக் குறைந்த சிசுவின் மூளை மந்தமாவதோ கண்ணுக்குத் தெரியாத நஷ்டம். கடலோரத்தில் வாழும் நமக்கு இக்குறை எங்ஙனம் வரும் என்று எண்ணி, அயோடின் கலவாத கல் உப்பையே வாங்கும் வழக்கத்தைக் கருவுற விரும்பும் பெண்கள் உள்ள வீட்டார் விட்டொழிக்க வேண்டும். கடல்நீரிலிருந்து விளையும் சாதாரண உப்பிலே போதிய அயோடின் இல்லை.

இவ்வளவும் கேட்டு, வைட்டமின் எல்லாம் நல்லவையே, ஆகவே மிகுதியாக உண்பது மிகுதியான நன்மை என்று எவரேனும் எண்ணிவிடக்கூடும். அது தவறு என்பதற்கு வைட்டமின் ஏ பிரத்தியட்சமான சான்று. கண்பார்வைக்கும் வளர்ச்சிக்கும் அவசியமான அதே பொருள், ரெட்டினால் என்னும் வடிவிலே, மாத்திரைகளின் மூலம் நாள்தோறும் 10,000 யூனிட்டுக்கு மேல் முதல் மாதங்களில் உட்கொள்ளப்படுமாயின், சிசுவின் முகத்திலும் இருதயத்திலும் குறைகள் தோன்றும் அபாயம் கூடுவதாக 1995-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் எச்சரித்தனர். முகப்பருவுக்கு மருத்துவர் தரும் ஐசோட்ரெட்டினாயின் அந்த வைட்டமினின் உறவுப் பொருளே; கர்ப்பத்திலே அது கொடிய நஞ்சு. முருங்கைக்கீரையிலும் காரட்டிலும் உள்ளது வேறு வடிவம், அதனால் அச்சமில்லை. வைட்டமின் சி-யும் ஈ-யும் மிகுந்த அளவிலே கொடுத்தால் பேறுகால இரத்த அழுத்த நோய் தடுக்கப்படும் என்ற நம்பிக்கையைச் சோதித்த பிரிட்டிஷ் ஆராய்ச்சி ஒன்றிலே, 2006-இல் வெளிவந்த முடிவு, நோய் தடுக்கப்படவில்லை என்பது மாத்திரமன்று; எடை குறைந்த குழந்தைகள் சற்று மிகுதியாகப் பிறந்தன என்பதுமாகும். கடைகளிலே அழகிய புட்டிகளில் விற்கும் டானிக்குகளையும் மாவுகளையும், அண்டை வீட்டார் சொன்னார் என்றும், மகள் பெங்களூரிலிருந்து அனுப்பினாள் என்றும், மருத்துவர் எழுதிய மாத்திரைகளோடு சேர்த்து உண்ணும்போது, ஒரே சத்து மூன்று வழியாக உள்ளே போகின்றது. நீங்கள் உண்பன அனைத்தையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வந்து உங்கள் மருத்துவர் மேசைமீது கொட்டுங்கள். அவர் சினந்தாலும் கவலையில்லை.

ஃபோலிக் அமிலத்தைத் தாய் அறியாமலே அவள் உணவிலே சேர்த்துவிட்டால் 28 நாள் சிக்கல் தானே தீரும் என்று கருதிய அமெரிக்கா 1998 முதல் கோதுமை மாவிலே அதைக் கலக்க வேண்டும் என்று சட்டம் செய்தது. அங்கே நரம்புக் குழல் குறைகள் கணிசமாகக் குறைந்தன. ஃபோலிக் அமிலம் இக்குறையைத் தடுக்கும் என்னும் கண்டுபிடிப்பு பிறந்த இங்கிலாந்தோ, மாவிலே கலப்பது என்று தீர்மானிப்பதற்கே 2021 வரை காத்திருந்தது. நம் நியாயவிலைக் கடைகளில் செறிவூட்டப்பட்ட அரிசி வரத் தொடங்கியதை நான் வரவேற்கிறேன். தலசீமியா உடையோர்க்கு அதில் உள்ள இரும்பு ஏற்குமா என்று எழுந்த வினாவும் கவனிக்கத்தக்கதே. ஆனால் அரிசி தன் வேலையைச் செய்யும் வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை.

கருவுறுமுன் ஃபோலிக் அமிலம் தர வேண்டும் என்பது நம் தேசியத் திட்டத்தின் ஏடுகளில் எழுதப்பட்டே இருக்கிறது. அது பெண்ணின் கைக்கு வந்து சேரவில்லை என்பதே என் மனக்குறை. நம் கிராம சுகாதார செவிலியர் ஒவ்வொருவரும் தம் பகுதியில் உள்ள தம்பதியரின் பதிவேடு ஒன்றை வைத்திருக்கிறார். எந்த வீட்டில் புதிதாகக் கல்யாணம் நடந்தது, எந்த வீட்டில் முதற்குழந்தைக்கு வயது இரண்டு ஆயிற்று என்பது அப்பதிவேட்டில் இருக்கிறது. புதுமணப்பெண் மறுவீடு வந்த அந்த மாதத்திலேயே, குழந்தை இப்போது வேண்டுமா, சற்றுப் பொறுத்தா என்று செவிலியர் அத்தம்பதியரை ஒருங்கே வைத்துக் கேட்டு, வேண்டும் என்போர் கையிலே ஃபோலிக் அமில மாத்திரையை அன்றே கொடுத்துவிட வேண்டும். பொறுத்து என்போர்க்கு அதற்குரிய வழிகளோடு, எப்போது தொடங்க வேண்டும் என்பதையும் சொல்லி வர வேண்டும். திருமணத்தைப் பதிவு செய்யும் அலுவலகத்திலே சான்றிதழோடு ஒரு சிறு அட்டையும் ஒரு மாதத்துக்கான மாத்திரையும் கொடுப்பதற்கு மாவட்ட சுகாதார அதிகாரியும் பதிவாளரும் ஒரு நாள் கூடிப் பேசினால் போதும். தனியார் மருத்துவரிடம் செல்லும் வசதியுள்ளோர், கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் வாரத்திலேயே மகளையும் மருமகனாக வரப்போகிறவரையும் ஒரு முறை அங்கே அழைத்துச் சென்று ஹீமோகுளோபினும், வேண்டுமாயின் தலசீமியாவும் சோதித்து வரலாம். இரண்டாம் குழந்தையைப் பெறப்போகும் தாயை எங்கே கண்டுபிடிப்பது என்று தேட வேண்டியதும் இல்லை. முதற்குழந்தைக்குத் தடுப்பூசி போட அவள் புதன்கிழமைதோறும் கூடும் தாய்மாரோடு ஆரம்ப சுகாதார நிலையத்தின் விசுப்பலகையில் வந்து அமர்கிறாள். குழந்தைக்கு ஊசி போட்டு முடிந்ததும், அவளுடைய கண்ணிமையைக் கீழிழுத்து வெளுப்பைப் பார்த்து, அடுத்த குழந்தையைப் பற்றிய எண்ணத்தைக் கேட்டு, அவளுக்குரிய மாத்திரையை அவள் பையிலே இட்டு அனுப்புவதற்கு ஐந்து நிமிஷம் போதும்.